ஜன்னல் வழியே வந்த வார்த்தை

மோகன் அடித்த அடியில் விஜயகுமாரியின் காதுத் தோடு கழன்று, குத்துவிளக்குக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. பூஜை அறையை அன்று காலையில்தான் கழுவிக் கோலம் போட்டிருந்தார்கள்.

"கேட்டதுக்குப் பதில் சொல்லுடி. அந்தக் காலனிக்காரி எங்க நிப்பா?"

"உள்ளதான் நிப்பா. அவ இல்லாம அந்தம்மா பேசறது யாருக்குப் புரியும்?"

இரண்டாவது அடி விழுந்தது. மாமியார் தனகோடி குனிந்து தோட்டை எடுத்து, முந்தானையில் துடைத்து அலமாரியில் வைத்தாள். அப்புறம் மகனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வுடுடா. வெள்ளக்காரம்மா வர்ற நேரத்துல இவ மூஞ்சி வீங்கினு இருந்தா நல்லாவா இருக்கும்? அவங்க போனப்புறம் அடிச்சிக்கோ."

மாமியார் குறுக்கே விழுந்து தடுத்தாள் என்று இதையும் அந்தத் தெருவில் புண்ணியக் கணக்கில்தான் சேர்ப்பார்கள்.

ஜெர்மனியில் மலையடிவாரத்தில் இருக்கிற ஒரு கிராமமும், மதுராந்தகத்துக்கும் அச்சரப்பாக்கத்துக்கும் நடுவில் இருக்கிற இந்த ஊரும் உறவு கொண்டாட ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஆரம்பித்து வைத்தவள் ஜெபா. காலனியில் சாராளின் மகள், செங்கல்பட்டில் நர்ஸ். ஜெர்மனி ஆஸ்பத்திரிகளில் வேலைக்குப் போகலாம் என்று சென்னைக்கு நடையாய் நடந்து ஜெர்மன் படித்துப் பரீட்சையும் தேறியவள். அவளுக்குப் பாடம் நடத்திய அம்மாளின் சொந்த ஊரில் ஒரு ஏரி இருந்தது. நம் ஊரிலும் ஏரி இருக்கிறது. பேச்சு அப்படித்தான் தொடங்கியது.

தொடங்கியவள் ஜெபா என்றாலும் உறவுச் சங்கத்தின் தலைவர் மோகனின் அப்பா செங்கல்வராயன். எப்படி என்று யாரும் கேட்கவில்லை. இந்த ஊருக்கு நாற்காலி என்று ஒன்று வந்தால், யார் வீட்டுக்குப் போக வேண்டும் என்பது அந்த நாற்காலிக்கே தெரியும்.

ஜெர்மனிக்காரர்கள் ஆரம்பத்திலேயே சில விஷயங்களைக் கறாராகச் சொல்லிவிட்டார்கள். நாங்கள் கொடுக்கிறவர்கள், நீங்கள் வாங்குகிறவர்கள் என்று இருக்கக் கூடாது. இரண்டு ஊரும் சமமாக நிற்க வேண்டும். எந்தத் தெருவையும் விட்டுவிடாமல் ஆள் அனுப்ப வேண்டும். வருகிறவர் விருந்தாளியாக உட்கார்ந்திருக்காமல், தங்குகிற வீட்டில் நடக்கிற வேலையைத் தானும் செய்ய வேண்டும். செங்கல்வராயன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடல் தாண்டி இருக்கிற சமத்துவத்துக்குத் தலையாட்டுவதில் அவருக்கு ஒரு சங்கடமும் இல்லை.

அந்த ஏற்பாட்டின்படி நான்கு மாதத்துக்கு முன்னால் ஊர்த் தெருவிலிருந்து அவருடைய மருமகள் விஜயகுமாரியும், காலனியிலிருந்து ஜெபாவும் போனார்கள். ரெனாட்டே என்கிற அம்மாளின் வீட்டில் இரண்டு பேரும் தங்கினார்கள். ஒரே அறை, ஒரே கட்டில், குளிருக்கு ஒரே போர்வை. கட்டிலையும் போர்வையையும் பற்றி விஜயகுமாரி வீட்டில் மூச்சு விடவில்லை. "அந்தம்மா ஹேண்ட்பேக் செய்யற கம்பெனி வச்சிகீது" என்று மட்டும் சொன்னாள். அது பொய் இல்லை. ஆனால் பாதிதான். மீதிப் பாதி அவளுக்கும் ஜெபாவுக்கும் மட்டுமே தெரியும்.

இப்போது ரெனாட்டே வருகிறாள். இந்த வீட்டில் தங்கி, இவர்கள் கழனியில் நாற்று நடப் போகிறாள். முதல் நாள் ஒப்பந்தத்தில் இரண்டு ஊரும் கையெழுத்துப் போட வேண்டும். ஜெர்மன் தெரிந்த ஒரே ஆள் ஜெபா. அவளை எங்கே நிறுத்துவது என்பதில்தான் விஜயகுமாரியின் தோடு கழன்றது.

கடைசியில் தனகோடியே வழி கண்டுபிடித்தாள். கூடத்துக்குப் பக்கத்தில் மாட்டுக்கொட்டகைக்குப் போகிற சந்து இருக்கிறது. காலனிக்காரர்கள் வேலைக்கு வந்து போகிற வழி. கூடத்து ஜன்னல் அந்தப் பக்கம்தான் திறக்கும். ஜெபா சந்தில் நின்று ஜன்னல் வழியாக மொழிபெயர்க்கட்டும்.

விஜயகுமாரி போன் செய்து அழுதபோது ஜெபாவே சமாதானம் சொன்னாள். "நின்னுட்டுப் போறேன் வுடுக்கா. ஆஸ்பத்திரில நாள் பூரா நின்னுகினுதானே கீறேன். இது நின்னு போச்சுன்னா அடுத்த வருஷம் நம்ம தெருப் பொண்ணுங்க எதுவும் போவ முடியாது."

*

ரெனாட்டேக்கு அறுபது வயதிருக்கும். நெடுநெடுவென்று உயரம், ஆண்பிள்ளைக் கைகள். வாசலில் ஆரத்தி எடுத்தார்கள். மாலை போட்டார்கள், சந்தனம் பூசினார்கள், குங்குமம் வைத்தார்கள். தனகோடி அவள் கையைப் பிடித்து நேராகப் பூஜை அறைக்குள் கூட்டிப்போய், "நீங்களே ஏத்துங்கம்மா" என்று தீப்பெட்டியைக் கொடுத்தாள். மாட்டுக்கறி தின்கிற நாட்டிலிருந்து வந்தவள் என்பது தனகோடிக்குத் தெரியாததில்லை. வெள்ளைத் தோலுக்குத் தீட்டு ஒட்டாது என்று யாரும் சாஸ்திரத்தில் எழுதி வைக்கவில்லை. இவர்களாகவே கண்டுபிடித்துக்கொண்டது.

கூடம் நிறைய ஊர்த் தெரு ஆட்கள். செங்கல்வராயன் எழுந்து பேசினார்.

"உலகத்துல ஒசந்தவன் தாழ்ந்தவன் எவனும் இல்ல. அவுங்க ஊரும் நம்ம ஊரும் ஒண்ணு. மன்சாள் எல்லாரும் சமம்."

சமம் என்ற அந்த வார்த்தையை, சந்தில் சாணி நாற்றத்தில் நின்று, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஜெபா ஜெர்மனில் சொன்னாள்.

ரெனாட்டே ஜன்னலைப் பார்த்து ஏதோ கேட்டாள். ஜெபா சிரித்து மழுப்பினாள். அவள் மறுபடி கேட்டாள். ஜெபா தலையைக் குனிந்துகொண்டு இரண்டு வார்த்தை பதில் சொன்னாள்.

"இன்னா கேக்குறாங்க?" என்றான் மோகன்.

"நான் ஏன் வெளிய நிக்கிறேன்னு கேட்டாங்க. இங்க இதான் வழக்கம்னு சொன்னேன்."

ரெனாட்டே கழுத்து மாலையைக் கழற்றி மேசையில் வைத்தாள். பிறகு ஜன்னலையே பார்த்தபடி மெதுவாக, விட்டு விட்டுப் பேச ஆரம்பித்தாள். ஜெபா கேட்டுக்கொண்டே நின்றாள். அவள் முகம் வெளுத்தது.

"சொல்லும்மா, இன்னா சொல்றாங்க?" செங்கல்வராயன் அவசரப்பட்டார்.

ஜெபா கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "அவங்க தாத்தாவோட அப்பாவையும் இப்படித்தான் வெளிய நிக்க வச்சாங்களாம். கள்ளுக்கடை மாதிரி ஒரு கடையில ஜன்னல் வழியாத்தான் அவருக்கு ஊத்துவாங்களாம். அவர் குடிக்கிறதுக்குத் தனிக் குவளை. சர்ச்சுல தனி பெஞ்சு."

"அவங்களையா? ஏன்?"

"செத்த மாட்ட எடுத்துனு போய்த் தோல உரிக்கிறது அவங்க குடும்பத்து வேலையாம். இப்பவும் இந்தம்மா தோல் வேலதான் செய்யறாங்க. தோல வாங்கி, ஒட்டிகினு இருக்கிற கொழுப்ப வழிச்சு, ஊற வச்சு, பதம் பண்ணித்தான் அந்தப் பேக் எல்லாம் செய்யறாங்களாம்."

கூடத்தில் இருந்தவர்கள் முறைக்க ஆரம்பித்தார்கள். அந்த நேரத்தில் ரெனாட்டே சிரித்துக்கொண்டே இன்னொன்று சொன்னாள். சுவரோரம் நின்ற விஜயகுமாரியைக் காட்டினாள், ஜன்னலைக் காட்டினாள், இரண்டு கையாலும் கத்தியைப் பிடித்துத் தள்ளுவது போல் செய்து காட்டினாள். அவள் பேச்சில் விஜயா என்ற பெயர் தெளிவாக வந்தது. கோபத்தில் இருந்தவர்களுக்கு அது கேட்கவில்லை. விஜயகுமாரிக்குக் கேட்டது.

ஜெபா அவளை ஒரு தரம் பார்த்தாள்.

"நான் அவங்க வூட்டுக்குப் போனப்போ அவங்ககூட மாட்டுத்தோல் வழிச்சேன், நல்லா வேல செய்யற கைன்னு சொல்றாங்க" என்றாள். விஜயாவை விட்டுவிட்டாள்.

அன்று அவள் மொழிபெயர்ப்பில் இருந்த ஒரே பொய் அதுதான்.

"ஐயையோ, எங் குலதெய்வமே!" தனகோடி பூஜை அறையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "அந்தக் கையாலயா வெளக்கு ஏத்துனா?"

மோகன் எழுந்து கத்தினான். "யம்மா, நீ வேற! அந்தம்மா கம்பெனி நடத்துற மொதலாளி. செத்த மாடு, ஜன்னல், தனிக் குவளை, இதெல்லாம் யாரு கதை? இவளுங்க கதை! நம்மள அசிங்கப்படுத்தணும்னே அவங்க வாயில வச்சிச் சொல்றா!"

எல்லோருக்கும் சட்டென்று மூச்சு வந்தது. அதுதானே! ஜெர்மனியில் எப்படி இப்படி இருக்கும்? வெள்ளைக்காரியின் தாத்தனை ஜன்னலுக்கு வெளியே நிறுத்த முடியுமா? அப்படியென்றால் ஜெபா இட்டுக்கட்டியதுதான். உண்மை அவர்கள் வீட்டு ஜன்னலைப் போலவே இருந்தது. அதனாலேயே அதை நம்ப முடியவில்லை.

மோகன் சந்துக்கு ஓடினான். சுவரில் சாய்த்திருந்த மண்வெட்டிப் பிடியைக் கையில் எடுத்தான். முதல் அடி ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த விரல்களில் விழுந்தது. ஜெபா கத்துவதற்கு வாயைத் திறந்தாள். இரண்டாவது அடி அந்த வாயில். கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கட்டை ஒடிந்தது போல ஒரு சத்தம் கேட்டது. ஒடிந்தது கட்டை இல்லை.

ரெனாட்டே உள்ளேயிருந்து கம்பிகளுக்கு நடுவே கையை விட்டு, சரிந்து விழுகிறவளின் தோளைப் பிடித்தாள். பிடி நிற்கவில்லை. வெளியே மோகனோடு இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டு காலால் மிதித்தார்கள். கொட்டகைப் பக்கம் நின்றிருந்த சாராள் ஓடிவந்து மகள் மேல் விழுந்தாள். தாயின் தலைமுடியைப் பிடித்து, வாய்க்கால் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனார்கள்.

ரெனாட்டே சுற்றிக்கொண்டு சந்துக்கு வந்து நடுவில் நின்றபோது, மிதித்தவர்கள் மரியாதையாக விலகி வழி விட்டார்கள். ஒருவன், "மேடம், துணில ரத்தம் படும், தள்ளி நில்லுங்க மேடம்" என்றான். விருந்தாளியை மதிக்கிற ஊர்.

*

பொழுது சாய்வதற்குள் ஒரு கும்பல் காலனிக்குப் போனது. சாராள் வீட்டுக் கதவை உடைத்தார்கள். டிவியைத் தூக்கித் தெருவில் போட்டு மிதித்தார்கள். குடிதண்ணீர்க் குழாயை அரிவாளால் வெட்டிவிட்டார்கள். குறுக்கே வந்த ஜெபாவின் அப்பா ஞானதாஸுக்குத் தோளில் வெட்டு. குலதெய்வமான அம்மனை அவமானப்படுத்தியதற்குப் பதில் என்று சொல்லிக்கொண்டார்கள். அம்மனை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் ஜெபாவின் தாடையைக் கம்பி போட்டுக் கட்டினார்கள். வாயைத் திறக்கவே முடியாது. குழல் வழியாகக் கஞ்சி. ஜெர்மனியில் வேலை தருகிறவர்கள் போனில் பேசிப் பார்த்துத்தான் ஆள் எடுப்பார்கள். அந்தப் பேட்டிக்கு அவளுக்கு நாள் குறித்திருந்தது. ரெனாட்டே கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். ஊரிலிருந்து பழத்தட்டோடு போய் மன்னிப்புக் கேட்டார்கள், ரெனாட்டேயிடம். அவள் தட்டை வாங்கவில்லை. விருந்தாளியைக் காலனிக்காரன் கடத்திக்கொண்டு போய்விட்டான் என்று ஊரில் அதற்கும் ஒரு பேச்சு கிளம்பியது.

மாமல்லபுரத்தில் ஜெர்மன்காரர்களுக்குக் கோயிலைச் சுற்றிக்காட்டுகிற குமாரை மோகன் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். வெள்ளைக்காரி நிஜமாக என்ன சொன்னாள் என்று கேட்டுச் சொல்ல வேண்டும். குமார் கேட்டான். ரெனாட்டே அன்று சொன்னதையே முதலிலிருந்து கடைசி வரை சொன்னாள். குமார் கட்டிலில் கிடந்தவளின் முகத்தைப் பார்த்தான். வாசலில் நின்ற மோகனின் கையைப் பார்த்தான். வெளியே வந்து, "பெரிய லெதர் கம்பெனி அண்ணாத்த. பரம்பரை மொதலாளிங்க. அந்தப் பொண்ணுதான் ஏதோ மாத்திச் சொல்லிகீது" என்றான். அவன் தாடை அவனுக்கு முக்கியம்.

சாராள் வன்கொடுமைச் சட்டத்தில் புகார் கொடுத்தாள். ஜெபா பொய் சொல்லிக் கலவரத்தைத் தூண்டினாள் என்று செங்கல்வராயன் எதிர்ப்புகார் கொடுத்தார். எஸ்.ஐ. யோசித்துச் சொன்னார்: "உங்க மருமக ஜெர்மனி போய்ட்டு வந்தவங்கதானே. நேர்ல பாத்த சாட்சி. அந்தப் பொண்ணு சொன்னது பொய்னு அவங்க ஒரு வார்த்த சொல்லிட்டா, கேஸ் ரெண்டு பக்கமும் ஆயிடும். அப்புறம் சமாதானமாப் போயிடலாம். நாளைக்கு வூட்டுக்கே வந்து எழுதிக்கிறேன்."

அன்றைக்கே மோகன் விஜயகுமாரியின் போனைத் தரையில் அடித்து உடைத்தான். அவளைச் சுவரோடு சேர்த்துக் கழுத்தைப் பிடித்தான்.

"பேக் கம்பெனின்னு நீதானே சொன்ன? அதையே சொல்லு. தோல் உரிக்கிறதும் இல்ல, செத்த மாடும் இல்லன்னு சொல்லு. மாத்திச் சொன்ன, உங்கப்பன் வூட்டுக்குப் பொணமாத்தான் போவ."

அவள் தலையாட்டினாள். தலையாட்டாவிட்டால் மூச்சு வராது.

அவன் போன பிறகு தரையில் உட்கார்ந்து தன் கைகளைப் பார்த்தாள். ரெனாட்டேயின் கொட்டகையில் முதல் நாள் நாற்றம் தாங்காமல் அவள் வாந்தி எடுத்தாள். "நீ ஓரமாக் குந்துக்கா" என்று அவள் பங்கையும் ஜெபாவே வழித்தாள். அடுத்த நாளும் அப்படியே. பிறகு ஒரு நாள் தனக்கே வெட்கமாகி எழுந்து, இரண்டு பக்கமும் பிடி வைத்த அந்தக் கத்தியை வாங்கினாள். ஈரத்தோல் மேல் வைத்துத் தள்ளினாள். கொழுப்பு சுருண்டு சுருண்டு வந்தது. வேலை முடிந்து மூன்று பேரும் கை கழுவிக்கொண்டு, ஒரே தட்டிலிருந்து ரொட்டியைப் பிய்த்துச் சாப்பிட்டார்கள். பூமி பிளக்கவில்லை. கல்யாணமான இத்தனை வருடத்தில் அவள் பயமில்லாமல் வயிறாரச் சாப்பிட்டது அந்த நாட்களில்தான்.

இந்தக் கைக்கு வர வேண்டிய அடியை ஜெபா வாயில் வாங்கிக்கொண்டாளே என்று நினைத்ததும் விஜயகுமாரிக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. முதலில் தன் மேல்தான் வந்தது.

*

எஸ்.ஐ.க்கு ஆட்டுக்கறிக் குழம்பு, கறி வறுவல், நண்டு. "சாப்ட்டுட்டு எழுதிக்கலாம், இன்னா அவசரம்?" என்று செங்கல்வராயன் இலை போடச் சொன்னார். எஸ்.ஐ., செங்கல்வராயன், மோகன் மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். தனகோடிக்குச் சர்க்கரை வியாதி, நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டும். அவள் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்து தட்டில் கேழ்வரகு அடை வைத்துக்கொண்டாள். மருமகள் கையால் தட்டினால்தான் அடை மெத்தென்று வரும் என்று தெருவெல்லாம் சொல்கிறவள் அவள்.

ஜன்னல் சாத்தியிருந்தது. கம்பியில் இருந்த கறையை யாரோ தேய்த்துக் கழுவியிருந்தார்கள்.

விஜயகுமாரி பரிமாறினாள். எஸ்.ஐ. ஒரு கவளம் வாயில் போட்டுக்கொண்டே, "அடடா, கைப்பக்குவம்னா இதான்" என்றார். பிறகு சாவகாசமாகக் கேட்டார். "சொல்லும்மா. அந்தப் பொண்ணு ஜெபா அன்னிக்குச் சொன்னது பொய்தானே?"

"ஆமா சார். ஒரு பொய் சொன்னா."

மோகன் நிம்மதியாக எலும்பைக் கடித்தான்.

"அந்தம்மா எம் பேரையும் சேத்துத்தான் சொன்னாங்க சார். ஜெபா அத்த மட்டும் மறைச்சிட்டா. அங்க ரெண்டு பேரும் சேந்துதான் மாட்டுத்தோல் வழிச்சோம். தோ, இந்தக் கையாலதான்."

கரண்டியை வைத்துவிட்டு இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினாள். கூடத்தில் மெல்லுகிற சத்தம் நின்றது.

"அந்தம்மா தாத்தாவோட அப்பா செத்த மாடு எடுத்ததும் நெசம். அவர ஜன்னலுக்கு வெளிய நிக்க வச்சதும் நெசம். அவரோட கத்தி கொட்டகைல இன்னும் மாட்டிகீது, நான் பாத்தேன். ஜெபா வாய இவருதான் ஒடச்சாரு. அதையும் பாத்தேன். அவளுக்கு வாயக் கட்டிட்டாங்க, அதான் நான் சொல்றேன். எழுதிக்குங்க சார்."

"ஏய்!" மோகன் இலையை எட்டி உதைத்துக்கொண்டு எழுந்தான். கையை ஓங்கினான். எஸ்.ஐ. கண்ணெதிரில் ஓங்கிய கை. ஓங்கிய விரல்களில் எல்லாம், அவள் வடித்துப் போட்ட சோறு ஒட்டியிருந்தது. அவனே அதைப் பார்த்தான். இறக்கவும் தெரியாமல், அடிக்கவும் தெரியாமல் அந்தக் கை அப்படியே நின்றது.

"பொய்யி! பொய் சொல்றா சார்!" செங்கல்வராயனின் குரல் கீச்சென்று வந்தது.

"அந்த ஊர்ல இருந்து வந்து மூணு மாசமாச்சு மாமா" என்றாள் விஜயகுமாரி. அவள் குரல் உயரவில்லை. "நாளு தவறாம இந்தக் கையாலதான் ஒலைய வச்சேன். இந்தக் கையாலதான் சாமிக்குப் பொங்கல் வச்சேன், நீங்கல்லாம் கும்புட்டுத் துன்னீங்க. எந்தச் சாமியும் வேணான்னு சொல்லல. யாருக்கும் ஒரு வயித்துவலி கூட வரல."

எஸ்.ஐ. பேனாவை எடுக்கச் சட்டைப் பைக்குக் கையைக் கொண்டுபோனார். குழம்புக் கை. பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

தனகோடியின் வாய் நிறைய அடை இருந்தது. விழுங்கினால் உள்ளே போய்விடும். துப்பினால் இந்த மூன்று மாதம் உள்ளே போனதை என்ன செய்வது? கன்னம் புடைக்க, கண் பிதுங்க, மருமகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

விஜயகுமாரி அடைத் தட்டை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"இன்னொண்ணு வைக்கட்டா அத்தே?"